அமெரிக்க நடுநிலைப் பள்ளியில் இலையுதிர்காலம்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், அண்மையில் இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த பெற்றோர்களும், மூத்த பிள்ளை முதன்முறையாக ஆறாம் வகுப்புக்குப் போகும் பெற்றோர்களும் என்னிடம் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நம்மில் பலர், பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினால்தான் பெற்றோர் போக வேண்டும், அப்படிக் கூப்பிட்டாலே பிள்ளை ஏதோ தப்புச் செய்திருக்கிறது என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர்கள். இங்கே நாம் கூப்பிடாமலே போக வேண்டும்; அதற்குச் சரியான காலம் ஆகஸ்ட் முதல் நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாள் வரையிலான இந்த மூன்று, நான்கு மாதங்கள். என் இரு பிள்ளைகளும் இந்தப் பள்ளிப் பருவத்தைக் கடந்து வந்ததில் நான் கற்றுக்கொண்டவற்றையே எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளியிலிருந்து நடுநிலைப் பள்ளி எந்த வகையில் மாறுபடுகிறது?

பெரும்பாலான ஊர்களில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் நடுநிலைப் பள்ளியில் இருக்கின்றன. சில பள்ளி மாவட்டங்களில் 5 அல்லது 7ஆம் வகுப்பிலிருந்து தொடங்குவதும் உண்டு. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் ஆகஸ்டு மாதத்திலேயே பள்ளி திறந்துவிடும். நியூயார்க் போன்ற வடகிழக்குப் பகுதிகளில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறைக்குப் பிறகுதான் திறக்கும்.

தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பார். பை மறந்ததையும், முகம் வாடியிருந்ததையும் அவரே நமக்குச் சொல்லிவிடுவார். இங்கே ஆறு, ஏழு ஆசிரியர்கள்; ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கலாம். மணி அடித்ததும் பிள்ளை தானே அடுத்த அறைக்கு நடக்க வேண்டும், அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வீட்டுக்கு வரும் செய்திகள் குறைந்துவிடும், வருகிற செய்தியும் பெரும்பாலும் பிள்ளையின் வாய்வழியாகத்தான் வரும். நம் பக்கம் அமைதியாக இருந்தால் அதை நாம் மரியாதை என்று நினைப்போம். பள்ளியிலோ அது அக்கறையின்மையாகத் தோன்றிவிடக்கூடும்.

பள்ளி திறந்ததும் நிரப்பச் சொல்லும் படிவங்களில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

அவசரத் தொடர்புப் படிவத்தை முதலில் நிரப்புங்கள். பெற்றோர் இருவரும் கிடைக்காதபோது பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர்களின் பெயர்களை அதில் எழுத வேண்டும், வருபவர் அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கும். இங்கேதான் நம் பெயர்ச் சிக்கல் வந்து நிற்கிறது. தலைப்பெழுத்தை விரித்துக் கடவுச்சீட்டில் எழுதியதால், அப்பாவின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகவும், தாத்தாவின் பெயர் அப்பாவுக்குக் குடும்பப் பெயராகவும் அமைந்துவிடுகிறது. ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பதைப் பார்த்து அலுவலகத்தில் குழம்புவார்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதிவிட்டு, உறவு முறையையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பிள்ளையை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று கேட்கும் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். இல்லையென்றால் முதல் நாள் வருகைப் பதிவில் அப்பாவின் பெயர் ஒலிக்க, பிள்ளை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கும்.

மாணவர் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற விவரங்களைப் பள்ளி வெளியாருக்குத் தருவதை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை, 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டப்படி பெற்றோருக்கு உண்டு. அந்த மறுப்பை ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்தில் தர வேண்டும்.

வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்விக்கு ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளையைக் கீழே தள்ளிவிடுவார்களா?

இல்லை. உண்மையையே எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையின் ஆங்கிலத் திறனை ஒரு முறை சோதித்துப் பார்ப்பார்கள்; தேவைப்பட்டால் கூடுதல் ஆங்கில வகுப்பு கிடைக்கும், தேவையில்லையென்றால் அத்தோடு முடிந்துவிடும். ஆங்கிலம் என்று எழுதி அந்தச் சோதனையைத் தவிர்த்த ஒரு வீட்டில், உண்மையிலேயே உதவி தேவைப்பட்ட சிறுவன் ஓர் ஆண்டை வீணாக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

லாக்கர் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை என்று பிள்ளை அழுகிறது. என்ன செய்வது?

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். மூன்று நிமிடத்துக்குள் புத்தகத்தை எடுத்து அடுத்த அறைக்கு ஓட வேண்டிய பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சிறிய வட்டப் பூட்டு பெரிய மலை. என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தைய வாரம், கடையில் அதே வகைப் பூட்டு ஒன்றை வாங்கி, அதைச் சமையலறை அலமாரியின் கைப்பிடியில் மாட்டிவைத்தோம். வலப்பக்கமாக இரண்டு முழுச் சுற்றுக்கு மேல் சுற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும். பிறகு இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுப் போய், முதல் எண்ணைத் தாண்டி இரண்டாம் எண்ணில் நிறுத்த வேண்டும். மறுபடியும் வலப்பக்கம் திருப்பி நேராக மூன்றாம் எண்ணுக்கு வர வேண்டும். ஒரு கோடு தள்ளிப்போனாலும் பூட்டு அசையாது, தொடக்கத்திலிருந்து மறுபடியும் சுற்ற வேண்டும். தோசை வேகும் நேரத்தில் ஒருமுறை, சாப்பிட்டு முடித்து ஒருமுறை என்று நான்கு நாள் பழகியதில், ஐந்தாம் நாள் பார்க்காமலே திறந்தாள்.

‘பேக் டு ஸ்கூல் நைட்’ என்பதும் ஆசிரியர்–பெற்றோர் சந்திப்பும் ஒன்றா?

இரண்டும் வேறு. முதலாவது ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பரில் ஒரு மாலை நேரத்தில் நடக்கும். பெற்றோர் மட்டும் போய், பிள்ளையின் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பறையிலும் ஏறக்குறைய பத்து நிமிடம் உட்கார்ந்து, பாடத்திட்டத்தையும் மதிப்பெண் முறையையும் ஆசிரியர் விளக்குவதைக் கேட்க வேண்டும். தனிப்பட்ட குறைகளைப் பேசும் இடம் அதுவன்று. ஆனாலும் தவறாமல் போங்கள். பிள்ளை எந்தப் படிக்கட்டில் ஏறி எங்கே திரும்புகிறது, எந்த ஆசிரியரின் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளை சொல்லும் கதை ஒவ்வொன்றும் நமக்குப் புரியும்.

இரண்டாவது பெரும்பாலும் அக்டோபர் அல்லது நவம்பரில் வரும். பத்து, பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நல்ல நேரங்கள் ஒரே நாளில் போய்விடுகின்றன.

அந்தச் சந்திப்பில் என்ன பேசுவது? எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே அலுவலகத்துக்கு எழுதுங்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தேசிய, மொழிப் பின்னணி காரணமாக எவரும் ஒதுக்கப்படாமல் இருக்கத் தரும் பாதுகாப்பின் அடிப்படையில் இந்த உதவியை நீங்கள் கட்டணமின்றிக் கேட்கலாம். தமிழுக்குப் பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே ஆள் கிடைப்பார். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவிடம் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

நம் ஆட்கள் பலர் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு மார்க்?’ என்பதுதான். மதிப்பெண்ணை இணையப் பக்கத்தில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். ஆசிரியர் மட்டுமே அறிந்ததைக் கேட்பதற்கே அந்தப் பத்து நிமிடம். வகுப்பில் கை தூக்குகிறாளா, யாரோடு உட்காருகிறாள், புரியவில்லையென்றால் கேட்கிறாளா, மதிய உணவு நேரத்தில் தனியாக இருக்கிறாளா என்று கேளுங்கள். என் மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஆசிரியை ஒருவர் என்னிடம் திருப்பிக் கேட்டார், ‘வீட்டில் அவன் எதைப் பற்றி அதிகம் பேசுவான்?’ என்று. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் காரில் வெகுநேரம் நான் எதுவும் பேசவில்லை. இப்போதெல்லாம் போவதற்கு முன்பே பிள்ளையிடம், ‘உன்னைப் பற்றி டீச்சரிடம் என்ன சொல்லட்டும்?’ என்று கேட்டுக்கொண்டு போகிறேன்.

தடுப்பூசிகளில் எவற்றை இந்த வயதில் சரிபார்க்க வேண்டும்?

11, 12 வயதில் மூன்று தடுப்பூசிகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்: ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்குமான டிடாப், மூளைக்காய்ச்சலுக்கான மெனிஞ்சோகாக்கல், பிற்காலத்தில் வரக்கூடிய புற்றுநோய்களைத் தடுக்கும் எச்.பி.வி. இவற்றில் பள்ளிக்குக் கட்டாயம் எது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ஏழாம் வகுப்புக்கு டிடாப் போட்ட சான்று வேண்டும். நியூயார்க்கில் ஏழாம் வகுப்புக்கு மெனிஞ்சோகாக்கல் தடுப்பூசியும் வேண்டும். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையைக் கையோடு கொண்டுவந்து, இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டி மாநிலப் படிவத்தில் பதிய வையுங்கள். அட்டை தொலைந்துவிட்டால் சில ஊசிகளை மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

காசநோய்ச் சோதனை கேட்கும் மாவட்டங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடுவதால், தோலில் செய்யும் சோதனை நோய் இல்லாமலே தடித்துக் காட்டலாம். இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை; அதையே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். குளிர்காலக் காய்ச்சலுக்கான ஊசியை அக்டோபருக்குள் போட்டுவிடுவது நல்லது.

வகுப்பில் மேல்நிலைக் கணக்கு, போட்டித் தேர்வுகள் பற்றி எப்போது விசாரிக்க வேண்டும்?

செப்டம்பரிலேயே விசாரியுங்கள். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படிக்கும் வாய்ப்பு, பல பள்ளிகளில் ஆறு, ஏழாம் வகுப்புகளின் கணக்குப் பிரிவைப் பொறுத்தே அமைகிறது. அமெரிக்கக் கணிதப் போட்டியான ஏ.எம்.சி. 8 ஜனவரியில் நடந்தாலும், உங்கள் பள்ளி அதை நடத்துகிறதா என்பதை இலையுதிர்காலத்தில்தான் கேட்க வேண்டும்; 40 நிமிடத்தில் 25 கேள்விகள் கொண்ட தேர்வு அது. அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு தேர்வதும் பல பள்ளிகளில் இந்த மாதங்களில்தான். பிள்ளை விரும்பிச் சேருமானால் துணை நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்திருக்கிறது என்பதற்காகச் சேர்க்காதீர்கள்.

என் மகள் ஊரில் கர்நாடக வயலின் கற்றவள். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். ஆனால் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, தந்திகளை ச–ப–ச–ப என்று சுருதி சேர்த்து வாசிக்கிறோம்; இங்கே நாற்காலியில் நிமிர்ந்து, தாடைக்கும் தோளுக்கும் இடையே பிடித்து, வேறு சுருதியில் வாசிக்க வேண்டும். காது ஏற்கெனவே பழகியிருப்பதால், கையும் தோளும் பழகிக்கொள்ளும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி ஆகியவற்றை முதல் கச்சேரிக்கு முந்தைய இரவு தேடி அலையாமல், அக்டோபரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். விளையாட்டு அணிகளில் சேர விரும்பினால் மருத்துவரின் உடற்தகுதிச் சான்று வேண்டும்.

பள்ளி மதிய உணவில் சைவம் கிடைக்குமா?

பெரும்பாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும், மாத உணவுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1946இல் தொடங்கிய தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தின்கீழ், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு கிடைக்கிறது. இதற்கு ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கலிஃபோர்னியா, மெய்ன் போன்ற சில மாநிலங்களில் வருமான வரம்பின்றி எல்லாருக்கும் இலவசம்.

தீபாவளிக்கு விடுப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு 2023இல் கையெழுத்தான சட்டத்தின்படி 2024 முதல் தீபாவளி விடுமுறை உண்டு. கலிஃபோர்னியாவும் 2025இல் இதை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பள்ளி தரும் விடுமுறையும் நம் தீபாவளியும் ஒரே நாளில் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். நாம் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள். வடஇந்தியர்களுக்கு அமாவாசை மாலையின் இலட்சுமி பூசைதான் முக்கியம். 2024இல் நியூயார்க் நகரப் பள்ளிகள் நவம்பர் 1ஆம் தேதி மூடியிருந்தன. தமிழ்நாட்டில் அக்டோபர் 31ஆம் தேதியே தீபாவளி முடிந்துவிட்டது. 2026இல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

விடுமுறை இல்லாத ஊர்களில், சமயப் பண்டிகைக்கான விடுப்பு என்று ஒரு வாரம் முன்பே வருகைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லி விடுப்பு எடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதைக் கைவிடுவோம். தன் பண்டிகையைக் காய்ச்சல் என்று எழுதி மறைக்க வேண்டியதில்லை என்பதைப் பிள்ளை நம் கையெழுத்திலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. அன்றைக்குத் தேர்வு இருந்தால் வேறொரு நாளில் எழுத அனுமதி கேட்கலாம். வகுப்புக்கு இனிப்புக் கொடுத்தனுப்பும் முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை காரணமாக, வீட்டில் செய்த லட்டையும் முந்திரி பர்பியையும் பல பள்ளிகளில் ஏற்பதில்லை.

ஹாலோவீன் அன்று நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளும் வேடம் போடுவார்களா?

சில பள்ளிகளில் அனுமதி உண்டு, சிலவற்றில் இல்லை. அனுமதிக்கும் இடங்களிலும் முகத்தை மறைக்கும் முகமூடி, ஆயுதம் போன்ற பொம்மை ஆகியவை கூடாது என்பது வழக்கமான விதி. அக்டோபர் 31 மாலையில் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்க இந்த வயதில் பெற்றோர் துணை வேண்டாம் என்பார்கள். போகும் தெருக்களையும் திரும்பும் நேரத்தையும் பேசி வைத்துக்கொண்டு, கையில் ஒரு விளக்கோடு அனுப்புங்கள். சைவ வீடுகள் கவனிக்க: மெல்லும் மிட்டாய்கள் பலவற்றில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

அதே வாரத்தில் சிவப்பு நாடா வாரம் என்கிறார்களே, அது எதற்கு?

அக்டோபர் 23 முதல் 31 வரை நடக்கும் போதைப்பொருள் தடுப்பு வாரம் அது. அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி என்ரிக்கே கமரேனா 1985இல் மெக்சிகோவில் கடத்திக் கொல்லப்பட்டதை அடுத்து, அவர் நினைவாகத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் ஒரு நாள் சிவப்புச் சட்டை, ஒரு நாள் விசித்திரக் காலுறை என்று உடை மாற்றும் வாரமாகவே தெரியும்.

நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. ‘நம்ம பிள்ளை அப்படியெல்லாம் இல்லை’ என்று கடந்துவிடுகிறோம். ஆனால் மின்சிகரெட் பார்ப்பதற்கு எழுதுகோல் போலவோ, கணினியில் செருகும் சிறு கருவி போலவோ இருக்கிறது, பழ வாசனை வீசுகிறது, பள்ளிக் கழிப்பறையில் கைமாறுகிறது. உங்கள் பிள்ளை அதைத் தொடாமல் இருக்கலாம். பார்க்காமல் இருக்க வழியில்லை. ஆகவே கேள்வியைக் குற்றச்சாட்டாகக் கேட்காமல், ‘உன் பள்ளியில் இதைப் பார்த்திருக்கிறாயா, யாராவது நீட்டினால் என்ன சொல்வாய்?’ என்று கார் ஓட்டும்போது கேளுங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால், காரில் பிள்ளைகள் கூடுதலாகவே பேசுவார்கள்.

நவம்பரில் கடிகாரத்தை மாற்றுவதை எப்படி நினைவில் வைப்பது?

2007 முதல், நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 மணிக்குத் திரும்பும். ஹவாயிலும் அரிசோனாவின் பெரும்பகுதியிலும் இந்த மாற்றம் இல்லை. கைப்பேசி தானே மாறிவிடும், அடுப்பிலும் காரிலும் உள்ள கடிகாரங்கள் மாறா. பள்ளிக்குப் பிந்தைய குழுக்கள் முடியும்போது இருட்டிவிடும் என்பதால், நடந்து வரும் பிள்ளைகளை அன்றிலிருந்து அழைத்து வர ஏற்பாடு செய்யுங்கள். கிழக்குக் கரையில் உள்ளவர்களுக்கு இந்திய நேரத்தோடு ஒன்பதரை மணி நேரமாக இருந்த இடைவெளி பத்தரை ஆகிவிடும்; பாட்டி வழக்கமான நேரத்தில் காத்திருந்து ஏமாறாமல் இருக்க முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போக வேண்டும். குளிர்கால விடுமுறையோடு இரண்டு வாரம் கூட்டி எடுத்துக்கொள்ளலாமா?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், பெரும்பாலும் பயணச்சீட்டு வாங்கிய பிறகே கேட்கிறார்கள். நவம்பர் நான்காம் வியாழக்கிழமையான நன்றி நவிலல் நாளை ஒட்டிப் பல பள்ளிகளில் இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை விடுமுறை விடுகிறார்கள். குளிர்கால விடுமுறை ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்கு மேல் எடுக்கும் பயண விடுப்பு பெரும்பாலான மாவட்டங்களில் அனுமதியற்ற விடுப்பாகவே பதிவாகும். ஆண்டின் பள்ளி நாள்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள் வராமல் இருந்தால், நீடித்த வருகைக் குறைவு என்று கணக்கிடுவது வழக்கம். எந்தக் காரணத்துக்கான விடுப்பும் அதில் சேரும். இரண்டு வாரப் பயணத்திலேயே பத்து நாள் போய்விடும், பிறகு காய்ச்சலுக்கு மிஞ்சுவது கொஞ்சமே. வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் தொடர்ந்து 15 பள்ளி நாள் வராவிட்டால் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். திரும்பி வந்ததும் மறுபடியும் சேர்க்க வேண்டும்.

தாத்தா, பாட்டியைப் பார்ப்பது முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாமியார் உடம்பு சரியில்லாமல் இருந்த ஆண்டில் நாங்களும் மூன்று வாரம் போனோம். ஆனால் அக்டோபரிலேயே பள்ளி முதல்வருக்கு எழுதி, கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல், பள்ளிக்கு வராத நாள்களில் பாடங்களைத் தானே படித்து முடிக்கும் தனிப்பயில்வு ஒப்பந்தம் எங்கள் மாவட்டத்திலும் உண்டா என்று கேட்டு, ஒவ்வோர் ஆசிரியரிடமும் பாடப் பட்டியலை மகனையே வாங்கி வரச் சொன்னோம். அரையாண்டு முடிவுத் தேர்வுகள் எந்த வாரத்தில் வருகின்றன என்பதை முதலில் பாருங்கள், பள்ளியின் பதிலை எழுத்தில் வாங்குங்கள், அதன் பிறகு பயணச்சீட்டை வாங்குங்கள்.